நாணயம்

நம் தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று கையில் புழங்கும் காசு, மற்றொன்று நேர்மை. இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது எவ்வளவு பொருத்தம் என்பதைப் பண்டைய உரோமையரின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

கி.மு. 211-ஆம் ஆண்டளவில் உரோமையர் 'தெனாரியம்' என்னும் வெள்ளிக் காசை வெளியிட்டனர். யூனோ மொனேத்தா என்னும் தேவதையின் கோயிலை ஒட்டி அவர்களுடைய நாணயச்சாலை இருந்தது. ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'மணி' என்ற சொல் அத்தேவதையின் பெயரிலிருந்தே பிறந்தது. அகுஸ்துப் பேரரசர் காலத்தில் தெனாரியம் ஏறக்குறைய தூய வெள்ளி. இருபத்தைந்து தெனாரியம் ஒரு பொற்காசுக்குச் சமம். திராட்சைத் தோட்ட உவமையில் வேலையாட்களுக்கு நாள்கூலியாகக் கிடைத்ததும் இந்தத் தெனாரியந்தான்.

ஆனால் அரசின் செலவு பெருகியது. கி.பி. 64-இல் நீரோ மன்னன் காசின் எடையைக் குறைத்து வெள்ளியிலும் கலப்புச் செய்தான். காசின் மேல் அவன் முகம் மட்டும் குறையாமல் இருந்தது! பின்வந்தவர்களும் அவ்வழியே சென்றனர். படைவீரரின் ஊதியத்தைக் கூட்டிய செப்திமியு செவேரு காலத்தில் தெனாரியத்தில் பாதியளவே வெள்ளி. கி.பி. 215-இல் அவர் மகன் கரக்கல்லா புதுக் காசு ஒன்றை வெளியிட்டான். அதன் மதிப்பு இரண்டு தெனாரியம். அதிலிருந்த வெள்ளியோ ஒன்றரைத் தெனாரியத்துக்குத்தான் காணும். கி.பி. 270-ஐ நெருங்கும்போது அந்தக் காசில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பு.

விலைவாசி விண்ணை முட்டியது. கி.பி. 301-இல் தியோக்கிளேசியன் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை விதித்து, மீறுவோருக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டார். அப்போதும் விலை அடங்கவில்லை. வாளுக்கு அஞ்சி நாக்கு அடங்கலாம், நம்பிக்கை பிறக்குமா?

இதற்கெல்லாம் மன்னர்களே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மக்கள் செய்தது என்ன? நல்ல பழைய காசுகளைப் பானையிலிட்டு மண்ணில் புதைத்தார்கள். கலப்புக் காசுகளை அடுத்தவர் கையில் தள்ளிவிட்டார்கள். நல்லது நமக்கு, கெட்டது பிறருக்கு! மன்னன் தொடங்கிய ஏமாற்றை ஊரே கைமாற்றி வளர்த்தது என்பதே நம் கருத்து.

நம் நாட்டு வணிகரோ ஏமாறவில்லை போலும். கோவை, கரூர் வட்டாரங்களில் கிடைத்த உரோமை வெள்ளிக் காசுகளுள் பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு காலத்துத் தரமான காசுகளே. நீரோவின் கலப்பு வெள்ளி இங்கு மிக அரிது.

தோழியரே, அந்த உரோமையரை நாம் குறை கூறலாமா? மறைபரப்பு ஞாயிறுக்காக எங்கள் வகுப்பில் உண்டியல் வைத்திருந்தோம். திறந்து கொட்டிய போது எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. நடத்துநர் வாங்க மறுத்த கிழிந்த நோட்டு, எண்ணெய்ப் பிசுக்கேறி எழுத்தே தெரியாத பத்து ரூபாய், 2011-லேயே செல்லாமற்போன நாலணாக் காசு! கடையில் செல்லாதது கடவுளுக்குச் செல்லும் என்று நாங்கள் எண்ணிவிட்டோம். "போட்டது யார்?" என்று ஆசிரியை கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் முடியவில்லை.

உண்டியலில் மட்டுமா? பார்த்தெழுதி வாங்கும் மதிப்பெண்ணும், மனத்தில் பொறாமையை வைத்துக்கொண்டு சொல்லும் பாராட்டும், காப்பாற்ற எண்ணாமல் கொடுக்கும் வாக்கும் வெள்ளி பூசிய செம்புக் காசுகள் அல்லவா? இன்று அவை செல்லலாம். தேயத் தேயச் செம்பு வெளியே தெரியாமல் போகாது.

உரோமையர் வரலாற்றில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கொன்ஸ்தந்தீன் மன்னர் 'சோலிது' என்னும் தரமான பொற்காசை வெளியிட்டார். கிழக்கு உரோமைப் பேரரசில் அது ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் தரம் குன்றாமல் நிலைத்தது. கெட்ட பெயரையும் மாற்றலாம். ஆனால் அதற்கு ஆணை போதாது, அசல் பொன் வேண்டும்.

எருசலேம் ஆலயத்தில் ஏழைக் கைம்பெண் போட்டவை மிகச் சிறிய இரண்டே காசுகள். ஆனால் அவை அவளிடமிருந்த நல்ல காசுகள். வேறெங்கும் செல்லாதவை அல்ல. அடுத்த முறை உண்டியல் வரும்போது அவளை நினைப்போம். சிறிதே கொடுத்தாலும் செல்லும் காசைக் கொடுப்போம். சொல்லிலும் செயலிலும் நாணயமுள்ள பெண்களாக வளர்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி