சட்டம் வழிவிட்டது, ஜன்னல் வழிவிடவில்லை

சர்க்கார் ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் எழுதும் ஜன்னலில் முதலில் பெயர் கேட்பார்கள், பிறகு வயது. பெண்ணாக இருந்தால் அடுத்த கேள்வி கணவர் பெயர். பாலியல் தொழில் செய்யும் பெண்களில் பலர் இந்தக் கேள்விக்குப் பயந்தே ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை.

சட்டத்தில் அப்படி ஒரு தடையே இல்லை என்பதுதான் வேடிக்கை. 1971-ம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பி மனநலத்தோடு இருக்கும் பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து வேண்டியதில்லை. கருத்தடை சாதனம் பயன்படாமல் கருவுற்றால் என்ற இடத்தில் முன்பு 'மணமான பெண், அவள் கணவர்' என்று இருந்தது. 2021 திருத்தத்தில் அது 'பெண், அவள் துணைவர்' என்று மாறியது. 2022 செப்டம்பர் 29-ல் சுப்ரீம் கோர்ட், 24 வாரம் வரையிலான சலுகையை மணமாகாத பெண்களுக்கும் விரித்தது. குடும்பத்தார் சம்மதம், அத்தாட்சிப் பத்திரம் என்று சட்டத்தில் இல்லாததையெல்லாம் டாக்டர்கள் கேட்பதையும் கண்டித்தது.

தீர்ப்பு டெல்லியில் வந்தது. ஜன்னலில் உட்கார்ந்திருப்பவருக்கு அதை யார் சொன்னார்கள்? கேள்விக்கு அஞ்சும் பெண் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறாள். ரத்தப்போக்கு நிற்காமல் போன பிறகு அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள்.

அடுத்தது விலாசம். வெளி மாநிலத்துக்குப் பிழைக்க வந்து ரேஷன் கார்டுக்கு அலைந்தவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. 2022 மே 19-ல் சுப்ரீம் கோர்ட், விலாசச் சான்று இல்லாவிட்டாலும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சான்றிதழைக் கொண்டு பாலியல் தொழிலாளருக்கு ஆதார் வழங்க உத்தரவிட்டது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது என்றும் சொன்னது. போலீசுக்குப் பயந்து உறையை வீசிவிட்டால் நோய் மட்டுமல்ல, கர்ப்பமும்தான் வரும். பிடிபட்ட பெண்களின் அடையாளத்தைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்பதும் அந்த உத்தரவோடு வந்தது. 'அழகிகள் கைது' என்று தலைப்புப் போட்டுப் பழகிய நமக்கும் அதில் பங்கு உண்டு.

ஆதார் சான்றிதழையும் எய்ட்ஸ் அதிகாரியிடமே வாங்க வேண்டியிருப்பதைக் கவனியுங்கள். அரசாங்கத்துக்கு இந்தப் பெண் எப்போதும் நோயின் வழியாகத்தான் கண்ணில் படுகிறாள். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் பரிசோதித்த பாலியல் தொழிலாளரிடம்தான் கண்டறியப்பட்டது. 1990-ல் பம்பாயிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை மீட்டு ரயிலில் சென்னைக்கு அனுப்பியபோது, அவர்களுக்கு நடந்ததும் ரத்தப் பரிசோதனையும் காப்பகவாசமும்தான். யாருக்கு மீட்பு, யாருக்குக் காவல் என்று அப்போது கேட்டவர்கள் கொஞ்சம் பேர்.

பிறகு நிலைமை திருந்தியது என்பதை மறுப்பதற்கில்லை. கல்கத்தா சோனாகாச்சியில் 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய வேலையில், அந்தப் பெண்களே சக தொழிலாளருக்கு ஆலோசகர்களானார்கள். அந்த முறை நாடெங்கும் பரவியது. இன்று ஆணுறை இலவசம், எச்.ஐ.வி. சோதனையும் இலவசம். ஆனால் மாதவிலக்குத் தகராறு, கர்ப்பம், பிரசவம், கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றால் அது வேறு இலாகா, வேறு ஜன்னல். அவளால் பிறருக்குத் தொற்றக்கூடியதைக் கவனிக்க ஏற்பாடு இருக்கிறது. அவளுக்கு மட்டுமே வரும் வலிக்கு அந்த அளவு ஏற்பாடு இல்லை.

நேரமும் ஒரு தடை. இரவெல்லாம் விழித்தவள் காலை ஓ.பி. வரிசைக்கு எப்படி வருவாள்? காமாட்டிபுரா சுருங்கி, தொழில் புறநகர் வாடகை அறைகளுக்கும் செல்போனுக்கும் மாறிவிட்டதால், தேடிப் போய் உதவுகிறவர்களுக்கும் இப்போது ஆள் அகப்படுவதில்லை.

பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் பிரசவத்துக்கு 5000 ரூபாய் உண்டு. முன்பு கணவரின் ஆதாரும் கேட்டார்கள். 2022-ல் வந்த புதிய விதிகளில், தனித்து வாழும் தாய்மார்களை உத்தேசித்து அதை நீக்கிவிட்டார்கள். திட்டத்துக்குத் தகுதியுள்ள கர்ப்பிணிப் பெண், மணமானவளோ இல்லையோ, அங்கன்வாடியில் இதைச் சொல்லிக் கேட்கலாம்.