ஊசி போட்டா எடை குறையும்... நிறுத்தினா?

இன்ஸ்டாவைத் திறந்தாலே எடை குறைப்பு ஊசிப் பேச்சுதான். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி என அடுத்தடுத்து இந்தியாவுக்கு வந்துவிட்டன. 'நாலு மாசம் போட்டுட்டு நிறுத்திடலாம்'னு யோசிக்கிறீங்களா? ஒரு நிமிஷம்!

வெகோவியில் இருக்கும் செமாகுளூடைடு மருந்தை நிறுத்தியவர்களை ஓராண்டு கவனித்தது ஓர் ஆய்வு. குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியிருந்தது. குறைந்திருந்த ரத்த அழுத்தமும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. மருந்து அடக்கி வைத்திருந்த பசி, மருந்து போனதும் திரும்பிவிடுகிறது.

எடை என்பது நாலு மாதக் கணக்கு இல்லை. பல வருஷக் கணக்கு. அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. இருபது வயதையொட்டி இருந்த எடையைவிட 55 வயதுக்குள் கூடிய ஒவ்வொரு 5 கிலோவுக்கும், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 30% அதிகமாக இருந்தது. வருஷத்துக்கு அரை கிலோ ஏறினாலே பத்து வருஷத்தில் 5 கிலோ!

தமிழ்நாட்டில் 40% பெண்களும் 37% ஆண்களும் அதிக எடையோடு இருப்பதாகச் சொல்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. ஊசி சிலருக்கு உண்மையிலேயே தேவைதான். ஆனா, முதல் ஊசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேளுங்க: "இதை எவ்வளவு காலம் போடணும், நிறுத்தினா அடுத்து என்ன?"

கல்லூரி நாள்களில் உங்க எடை எவ்வளவு, ஞாபகம் இருக்கா? இன்றைய எடையிலிருந்து அதைக் கழிச்சுப் பாருங்க. 5% குறைத்து, அதைத் தக்கவைத்தாலே சர்க்கரையும் பிரஷரும் இறங்கத் தொடங்கும்.