மேயரும் கம்ப்யூட்டரும்

மிக்ஸி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, "இதற்கு இனிமேல் சாமான் கிடைக்காதம்மா, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரசபைக்கு வந்தது. சிப்பந்திகளின் கம்ப்யூட்டர்களில் இருந்த 'விண்டோஸ் என்.டி.' மென்பொருளை இனிப் பராமரிக்க முடியாதென்று மைக்ரோஸாப்ட் கம்பெனி சொல்லிவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய 'லினக்ஸு'க்குப் போய்விடலாமா என்று நகரசபை யோசித்தது. சேதி எட்டியதுதான் தாமதம், கம்பெனித் தலைவர் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை விட்டுவிட்டு மேயரைப் பார்க்க ஓடி வந்தார்! விலையைக்கூடக் குறைத்தார்கள். மேயர் ஊதே மசியவில்லை. 2003-ல் தீர்மானம் நிறைவேறியது. பலே மேயர்!

ஆனால் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களாயிற்றே! மாற்றி முடிக்கப் பத்து வருஷம் பிடித்தது. வெளியார் அனுப்பிய தஸ்தாவேஜுகள் சில இங்கே ஒழுங்காகத் திறக்கவில்லை. பழைய மாதிரியிலேயே கை பழகியவர்கள் முணுமுணுத்தார்கள். அடுப்படியில் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தாலே நமக்கு எத்தனை எரிச்சல் வருகிறது! ஊதேக்குப் பின் வேறு மேயர் வந்தார். 2017-ல் மறுபடியும் விண்டோஸுக்கே திரும்புவதென்று சபை ஓட்டுப் போட்டது. அதற்கும் பல கோடி யூரோ செலவு. இரண்டு தடவையும் கொடுத்தவர்கள் வரி கட்டியவர்கள்தாம்.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு 'விண்டோஸ் 10'-க்கும் வழக்கமான பராமரிப்பு நின்றுவிட்டது. அடுத்த முறை வீட்டு வரி கட்டப் போகும்போது, அங்கே மேஜை மேல் எது இருக்கிறதென்று சற்று எட்டிப் பாருங்களேன்.