பி.எஸ்சி. மருத்துவத்துக்கு ஏணியா?

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத மாணவர் விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் ஆகியவற்றுள் ஒன்றில் பி.எஸ்சி. சேர்ந்துகொண்டால் அந்தப் படிப்பே எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அடித்தளமாகிவிடும், ஓரிரு ஆண்டில் அங்கிருந்தபடியே மருத்துவத்துக்குப் போய்விடலாம் என்னும் கருத்து, ஆண்டுதோறும் பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் தமிழகமெங்கும் உறுதியாகச் சொல்லப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பாக் நீரிணைக் கரையில் அமைந்த மணமேல்குடி போன்ற ஊர்களில் இக்கருத்துக்குச் செல்வாக்கு அதிகம். வெளியூர்ப் பயிற்சி மையத்துக்கும் விடுதிக்கும் பணம் கட்டிப் பிள்ளையை ஓராண்டு தனியே அனுப்ப முடியாத மீனவ, வேளாண் குடும்பங்களுக்கு, குறைந்த கட்டணத்தில் ஓர் அரசுக் கல்லூரிப் பட்டமும் மருத்துவத்துக்கான ஆயத்தமும் ஒருசேர நடந்துவிடும் என்ற பேச்சு பெரிய ஆறுதலாக இருக்கிறது. அந்த ஆறுதலுக்கு விதிகளிலும் பாடத்திட்டத்திலும் எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவசியம்.

இக்கருத்து வெறும் வதந்தியாகப் பிறந்ததன்று. ஒரு காலத்தில் உண்மையாக இருந்த நடைமுறையின் எச்சமே அது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, அவ்வூர் மகாராஜா கல்லூரியில் படித்துத் தேறிய பிறகே 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பள்ளிக் கல்வி முடிந்ததும் கலைக் கல்லூரியில் சில காலம் படித்துவிட்டு மருத்துவத்துக்குச் செல்வதுதான் அன்றைய வழி. பின்னர் வந்த இன்டர்மீடியட், பி.யு.சி. ஆகிய கட்டங்களும் கல்லூரியைச் சார்ந்தே இருந்தன. 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தபோது அந்த வாயில் கல்லூரியிலிருந்து பள்ளிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. வாயில் மாறிய பின்னும் பழைய வழியே மக்கள் நினைவில் நிலைத்திருப்பதுதான் இன்றைய குழப்பத்தின் வேர்.

பி.எஸ்சி. பட்டம் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்குத் தகுதியைக் கூட்டுகிறது என்பது இக்கருத்தின் முதல் கூறு. சேர்க்கை, ‘நீட்’ எனப்படும் தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை மட்டுமே வைத்து நடக்கிறது. அத்தேர்வை எழுதுவதற்கான கல்வித் தகுதி, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் தேறியிருப்பதாகும். தேர்வின் தகவல் கையேடு தரும் தகுதிப் பட்டியலில் பி.எஸ்சி. பட்டதாரிகளும் இடம்பெற்று வந்திருக்கிறார்கள் என்பதைச் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அதே விதி, அவர்கள் முந்தைய தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களையும் ஆங்கிலத்தையும் முடித்திருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கிறது. அதாவது, ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தவரையே அது மீண்டும் தகுதியுடையவர் என்கிறது. பட்டத்துக்கெனக் கூடுதல் மதிப்பெண் கிடையாது, தனி ஒதுக்கீடு கிடையாது, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் கிடையாது.

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் இல்லாத பிரிவை எடுத்துவிட்டவர், பட்டப்படிப்பில் விலங்கியலோ தாவரவியலோ எடுத்து அந்தக் குறையைச் சரிசெய்துகொள்ளலாம் என்பதும் இதன் கிளைக் கருத்தே. அப்பட்டப்படிப்புகளில் சேர்வதற்கே பிளஸ் டூவில் உயிரியல் கேட்கப்படுவதால் இது தொடக்கத்திலேயே அடிபட்டுப் போகிறது. பிளஸ் டூ தேறிய பின்னரும் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்கள் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்திருப்பதால், அத்தகைய மாணவருக்கான நேர்வழி அதுவே. மூன்றாண்டுப் பட்டம் அதற்குத் தேவையில்லை.

கல்லூரியில் படிக்கும் உயிரியலே நீட் தேர்வுக்குப் பயிற்சியாகிவிடும் என்பது இரண்டாம் கூறு. 720 மதிப்பெண்ணுக்கான அத்தேர்வின் 180 வினாக்களில் 90 உயிரியலையும், 45 வேதியியலையும், 45 இயற்பியலையும் சார்ந்தவை. அனைத்தும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தின் எல்லைக்குள் அமைபவை. பி.எஸ்சி. விலங்கியல் மாணவருக்கு முதன்மைப் பாடத்தோடு ‘அலைடு’ எனப்படும் துணைப்பாடங்களாகப் பெரும்பாலும் வேதியியலும் தாவரவியலும் அமைவதால், இயற்பியல் அவருடைய கால அட்டவணையிலிருந்தே மறைந்துவிடுகிறது. அதனுடன் 180 மதிப்பெண்ணுக்கான பயிற்சியும் நின்றுபோகிறது. இயற்பியலை முதன்மையாக எடுத்தவருக்கோ உயிரியல் கிடைப்பதில்லை. மூன்று பாடங்களையும் ஒருசேரத் தொடரும் வாய்ப்பு மேல்நிலைப் பள்ளியோடு ஏறத்தாழ முடிந்துவிடுவதே நம் பட்டப்படிப்பின் அமைப்பு.

கேட்கும் முறையிலும் வேறுபாடு பெரிது. பல்கலைக்கழகப் பருவத் தேர்வு மூன்று மணி நேரத்தில் சிறு வினாக்களையும் பத்து மதிப்பெண் கட்டுரை வினாக்களையும் எழுதச் சொல்கிறது. மண்புழுவின் கழிவுநீக்க மண்டலத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து விளக்குபவர் அதில் சிறக்கிறார். 2025 முதல் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்களே தரும் நீட், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கருமையாக்கச் சொல்கிறது. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் தந்து, தவறான விடைக்கு ஒன்றைக் கழித்துக்கொள்கிறது. ஒன்றில் பெறும் தேர்ச்சி மற்றொன்றுக்குத் தானாகக் கைகொடுப்பதில்லை.

படித்துக்கொண்டே தயாராகலாம், ஆகவே ஆண்டு வீணாகாது என்பது மூன்றாம் கூறு; கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தோன்றுவதும் இதுவே. ஆனால் கல்லூரியின் இரண்டாம் பருவத் தேர்வுகள் பெரும்பாலும் ஏப்ரலில் நடக்கின்றன. நீட் தேர்வு 2024இல் மே 5ஆம் தேதியும் 2025இல் மே 4ஆம் தேதியும் நடந்தது. திருப்பிப் படிப்பதற்கு மிகவும் தேவையான அந்த ஒரு மாதம், செய்முறைப் பதிவேட்டை முடித்துக் கையொப்பம் வாங்குவதிலும் அரியர் விழாமல் பார்த்துக்கொள்வதிலும் கழிந்துவிடுகிறது. மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ அன்றாடம் பேருந்தில் சென்று வருபவருக்கு, வருகைப் பதிவுக்காகக் கல்லூரியில் இருக்கும் நேரத்தோடு பயண நேரமும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டு வீணாகவில்லை என்பது பட்டத்தைப் பொறுத்தவரை சரி. மருத்துவ ஆயத்தத்தைப் பொறுத்தவரை அவ்வாறு சொல்வதற்கில்லை.

இதற்கு எதிர்வாதமாக, மருத்துவ இடங்களைப் பெறுவோரில் பெரும்பாலோர் மறுமுறை எழுதியவர்களே என்பது சுட்டப்படுகிறது. அது உண்மைதான்: நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, தமிழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியோரின் பங்கு 2016-17இல் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்து, 2020-21இல் 71 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் இந்தப் புள்ளிவிவரம் மறுமுறை எழுதியவர்களைப் பற்றியதே அன்றி, பி.எஸ்சி. படித்துக்கொண்டே எழுதியவர்களைப் பற்றியதன்று. பணம் கட்டிப் பயிற்சி பெறக்கூடியவர்களுக்கு இத்தேர்வு சாதகமாக அமைகிறது என்பதே அக்குழு கண்ட முடிவு. அதைக் கொண்டு பட்டப்படிப்பின் பயனை நிறுவ முடியாது.

பட்டப்படிப்பில் படித்தவை பிற்பாடு எம்.பி.பி.எஸ்.ஸை எளிதாக்கும் என்பது நான்காம் கூறு. இதில் ஓரளவு உண்மை உண்டு. முதலாண்டு மருத்துவ மாணவர் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றையும் படிக்க வேண்டியிருப்பதால், நொதிகளின் செயல்பாட்டையும் வளர்சிதை மாற்றத்தையும் முன்பே அறிந்தவருக்கு மூன்றாம் பாடம் அச்சுறுத்தலாக இராது. எனினும், அந்த அறிவுக்காக எந்தத் தாளிலிருந்தும் விலக்கு அளிக்கப்படுவதில்லை. நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் அனைவருக்கும் ஒன்றே. மூன்றாண்டு உழைப்பின் பலன் முதலாண்டின் ஒரு பாடத்தில் சற்று நிம்மதி என்றால், கொடுத்த விலை மிகை.

அமெரிக்காவில் இவ்வாறுதான் நடக்கிறது என்பது ஐந்தாம் கூறு. அங்கே மருத்துவப் பள்ளியில் சேர்வதற்கு முன் நான்காண்டு இளநிலைக் கல்வி வழக்கமாகத் தேவைப்படுகிறது; உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு ஓராண்டு வீதம் படித்திருக்குமாறு பல பள்ளிகள் கேட்கின்றன; நுழைவுத் தேர்வில் 2015 முதல் உளவியலும் சமூகவியலும் சேர்ந்துள்ளன. ஆனால் அங்கும் குறிப்பிட்ட சில பாடங்கள்தாம் கேட்கப்படுகின்றனவே தவிர, இன்ன பட்டம் என்று கேட்கப்படுவதில்லை. வரலாற்றையோ இலக்கியத்தையோ முதன்மையாகக் கொண்டவரும் அப்பாடங்களை முடித்துச் சேரலாம். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளி 1987 முதலே கலைத் துறை மாணவர்களுக்கெனத் தனிச் சேர்க்கைத் திட்டம் நடத்தியிருக்கிறது. எனவே அறிவியல் பட்டமே மருத்துவத்தின் முதற்படி என்பதற்கு அமெரிக்கா சான்றாகாது.

அயல்நாட்டு முறையை இந்திய விதிகளோடு கலந்ததால் நேர்ந்த இடரைப் பிலிப்பைன்ஸ் காட்டுகிறது. அமெரிக்க மரபைப் பின்பற்றும் அந்நாட்டில், பி.எஸ். என்னும் அறிவியல் பட்டத்துக்குப் பிறகே எம்.டி. என்னும் மருத்துவப் படிப்பு தொடங்குகிறது. தமிழக மாணவர் பலர் இவ்வழியில் சென்றனர். 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகள், அயல்நாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும் என்றன. பி.எஸ். படிப்பை மருத்துவக் கல்வியின் பகுதியாக ஆணையம் ஏற்காததால், நான்காண்டு எம்.டி. மட்டும் அந்த அளவை எட்டவில்லை. மருத்துவத்துக்கு முந்தைய அறிவியல் படிப்பு இந்தியச் சட்டத்தின் கண்ணில் மருத்துவமாகக் கணக்கிடப்படாது என்பது அம்மாணவர்களின் வழியாகத் தெளிவாயிற்று.

இவையெல்லாம் பி.எஸ்சி. படிப்பைத் தாழ்த்துவதற்காகச் சொல்லப்படுபவை அல்ல. அதை மருத்துவத்தின் காத்திருப்பு அறையாகக் கருதுவதுதான் அதைத் தாழ்த்துகிறது. மணமேல்குடிக் கடலும் அதை ஒட்டிய பகுதியும் சேர்ந்து, 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுப் பாதுகாப்பகத்துக்குள் வருகின்றன; கடற்புல் படுகைகளில் மேய்ந்து வாழும் அந்தப் பாலூட்டியைக் காப்பதற்கு விலங்கியல் அறிஞர்கள் தேவை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடத்தும் கடல் உயிரியல் மையமும், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் கடலோர மாணவருக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. இவற்றை நாடி விரும்பிச் சேரும் ஒருவர் முதல் பருவத்திலிருந்தே களப்பணியிலும் மேற்படிப்பிலும் கண்வைக்கிறார். மருத்துவ இடம் கிடைத்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போகும் எண்ணத்தில் சேர்பவர் இரண்டிலும் கால் ஊன்றுவதில்லை.

ஆகவே மருத்துவத்தை நாடுபவருக்கான பாடத் தேர்வு கல்லூரி வாசலில் நடப்பதன்று. பதினொன்றாம் வகுப்பில் நடப்பது. கணிதத்தோடு உயிரியல் சேர்ந்த பிரிவானாலும், தாவரவியல், விலங்கியல் கொண்ட அறிவியல் பிரிவானாலும், இயற்பியலும் வேதியியலும் உடனிருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஒப்புக்கு முடித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு பள்ளிப் படிப்பை அடிப்படையாகக் கொண்டதே; அதற்கும் பட்டப்படிப்புக்கும் தொடர்பில்லை. 2017இல் 150 இடங்களோடு தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி முதலான இடங்களுக்கு அந்த ஒதுக்கீட்டில் போட்டியிடுபவர், மறுமுறை எழுதுவதென முடிவு செய்தால் அந்த ஆண்டை முழுமையாக அதற்கே ஒதுக்குவது நல்லது. மறுமுறை எழுத வசதியோ விருப்பமோ இல்லாதவருக்கு, பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கை நடக்கும் செவிலியம், மருந்தியல் ஆகியவை அதே கோடைக்காலத்தில் திறந்திருக்கின்றன; பி.எஸ்சி. வழியாக மருத்துவராகிவிடலாம் என்று நம்பியிருப்பவர் அவற்றின் விண்ணப்பத் தேதியைத் தவறவிடுகிறார். இக்கருத்தால் நேரும் பெரிய இழப்பு அதுவே என்பதால், அறிவுரை சொல்லும் ஆசிரியரும் உறவினரும் மறுமுறை நீட் எழுதுவது, பி.எஸ்சி. படிப்பது, செவிலியம் போன்றவற்றில் சேர்வது ஆகிய மூன்று வழிகளையும் தனித்தனியே எடுத்துரைத்து, ஒன்றை மற்றொன்றின் ஏணியாகக் காட்டுவதை நிறுத்த வேண்டும்.