கூடாரமும் காப்பிக் கோப்பையும்

முதலாளித்துவத்தை எதிர்த்து எங்கேனும் ஒரு கூடாரம் அடிக்கப்பட்டால் போதும், உள்ளே இருப்பவரின் கையில் உள்ள காப்பிக் கோப்பையை எட்டிப் பார்க்கச் சிலர் ஓடிவருகின்றனர். கோப்பையில் பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் முத்திரை இருந்துவிட்டால் அவர்களுக்கு வழக்கு அத்துடன் முடிந்தது. 2011ஆம் ஆண்டு இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் முன் எழுந்த கூடாரங்களுக்கும் இதுவே நேர்ந்தது. முதலாளித்துவம் ஒழிக என்பவர்கள் ஸ்டார்பக்ஸ் கடையில் வரிசையில் நிற்கிறார்களே என்று அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தொலைக்காட்சியில் எள்ளி நகையாடினார். கற்றறிந்த நம் பொதுநிலையினர் சிலரும் அந்த நையாண்டியை இன்றளவும் ஒரு வாதமாக எடுத்துரைக்கக் கேட்கிறோம். ஆகவே அந்நிகழ்ச்சியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

அவ்வாண்டு செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் சுக்காட்டிப் பூங்காவில் தொடங்கிய முற்றுகை, அக்டோபர் 15 அன்று இலண்டனை எட்டியது. திரண்டவர்களின் இலக்கு பேராலயம் அன்று; அதற்கு அருகே பேட்டர்நாஸ்டர் சதுக்கத்தில் உள்ள பங்குச் சந்தை. இலத்தீன் மொழியில் நம் பரலோக மந்திரத்தின் முதலிரு சொற்களே அச்சதுக்கத்தின் பெயர். 'எங்கள் தந்தை' என்னும் பெயர் தாங்கிய அவ்விடம் தனியார் சொத்து என்பதால் காவலர் வழிமறித்தனர். மக்கள் பேராலய முற்றத்திலேயே அமர்ந்துவிட்டனர். பவுலடியாரின் கைத்தொழில் கூடாரம் செய்தல் என்பதைப் பலரும் அன்று நினைவுகூர்ந்தனர். மறுநாள் ஞாயிறு காலை, பேராலயக் குருமன்றத்தைச் சேர்ந்த ஜைல்ஸ் பிரேசர், படிக்கட்டை விட்டு விலகும்படி காவலரைக் கேட்டுக்கொண்டார். மக்கள் அமைதியாகப் போராடட்டும் என்றார்.

பின்னர் வந்தன குற்றச்சாட்டுகள். காப்பியைப் பற்றியது ஒன்று. கூடாரங்களில் பெரும்பாலானவை இரவில் காலியாகவே கிடக்கின்றன, வீரர்கள் வீட்டுக்குச் சென்று மெத்தையில் உறங்குகின்றனர் என்பது மற்றொன்று. வெப்பத்தை உணரும் படக்கருவியால் இதை மெய்ப்பித்துவிட்டதாக நாளேடுகள் எழுதின. கூடாரத் துணி வெப்பத்தை மறைத்துவிடும் என்று முகாமினர் மறுமொழி கூறினர். சிலர் வீட்டில் உறங்கியிருக்கலாம். அதனால் என்ன? உண்ணாநோன்பு இருப்பதாக அவர்கள் எவருக்கும் வாக்களிக்கவில்லையே!

ஒரு பொருளாதார அமைப்பினுள் வாழ்பவர் அதைக் குறைகூறினால் வெளிவேடக்காரர். அதற்கு வெளியே வாழ்பவர் குறைகூறினால் விவரம் அறியாதவர். அப்படியானால் குறைகூறத் தகுதியுள்ளவர் யார்? 1891இல் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வத்திக்கான் மாளிகையில் வாழ்ந்தவர். மாளிகையைக் காட்டி அம்மடலைத் தள்ளிவிட இயலுமா? நம் கதையும் வேறன்று. பங்கின் பெயரில் உள்ள வைப்புநிதியின் வட்டியிலிருந்துதான் உபதேசியாருக்குச் சம்பளம் தருகிறோம். அந்தப் பணத்தை வங்கி யாரிடம், எதற்காகக் கடன் கொடுத்திருக்கிறது என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை. இதற்காக நாம் வெட்கப்படலாம். வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் எப்படிப் பொருந்தும்?

நற்செய்தியில் 'வெளிவேடக்காரர்' என்னும் கடுஞ்சொல் யார்மீது வீசப்பட்டது என்பதையும் எண்ண வேண்டும். பெருஞ்சுமையைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டுத் தாம் விரலையும் அசைக்காத அதிகாரத்தாரை நோக்கியே ஆண்டவர் அதைச் சொன்னார். எளியவன் தடுமாறும்போது அவன்மேல் எறிவதற்காக அச்சொல்லை அவர் நம் கையில் கொடுக்கவில்லை.

காப்பிக் கதைக்கு ஒரு பிற்சேர்க்கையும் உண்டு. 1998 முதல் பதினான்கு ஆண்டுகளில் பிரிட்டனில் 300 கோடி பவுண்டுக்கும் மேல் விற்பனை செய்த ஸ்டார்பக்ஸ், 86 இலட்சம் பவுண்டு மட்டுமே நிறுவன வரியாகச் செலுத்தியிருந்த செய்தி 2012 அக்டோபரில் வெளிவந்தது. சட்டம் எதுவும் மீறப்படவில்லை. கூடாரத்தினர் சுட்டிய குறையும் அதுவே. கோப்பையை எட்டிப் பார்த்தவர்கள் அதன் அடியில் எழுதியிருந்ததைப் படித்திருக்கலாம்.

இனி, முகாமினரின் உண்மையான குறைக்கு வருவோம். நோயைக் காட்டினார்கள், மருந்தைச் சொல்ல அவர்களால் இயலவில்லை. எல்லாரும் இசைந்தாலன்றி முடிவில்லை என்ற விதியால் கூட்டங்கள் நீண்டுகொண்டே போயின. குளிர் வந்தது. தெருவில் உறங்கியவர்கள், மதுவுக்கும் போதைக்கும் அடிமையானவர்கள், மனநலம் குன்றியவர்கள் சோற்றையும் துணையையும் நாடி அங்கு வந்தனர். முகாம் அவர்களைத் துரத்தவில்லை. ஆனால் தாங்கவும் அதற்கு வலுவில்லை. துன்புறுவோரின் பெயரால் பேசுவதற்கும் துன்புறும் ஒருவரோடு ஓர் இரவைக் கழிப்பதற்கும் உள்ள தொலைவை அவர்கள் அங்கே கண்டிருப்பார்கள். பங்குப் பணியில் நாமும் அதைப் பலமுறை கண்டு தலைகுனிந்திருக்கிறோம்.

பேராலயமோ அக்டோபர் 21 அன்று கதவை அடைத்தது. தீயணைப்பு, உடல்நலம், பாதுகாப்பு ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பின் அக்கதவு இவ்வாறு அடைபட்டது அதுவே முதன்முறை. அந்த வாரத்தில்தான், அக்டோபர் 24 அன்று, வத்திக்கானின் நீதி, அமைதிக்கான திருப்பீட அவை, நிதிப் பரிமாற்றங்கள்மீது வரி விதிப்பது குறித்துச் சிந்திக்கும்படி உலகை அழைத்தது. காகிதத்தில் திருச்சபை நெடுந்தொலைவு சென்றிருந்தது. முற்றத்தில் நின்ற மக்களைக் கண்டபோதோ கதவின் தாழ் தேடப்பட்டது. அது ஆங்கிலிக்கன் ஆலயம்தானே என்று நம்மவர் மகிழ வேண்டாம். நம் பேராலய வளாகத்தில் இருநூறு கூடாரங்கள் எழுந்தால் நாம் முதலில் அழைப்பது காவல் நிலையத்தையா, பங்குப் பேரவையையா?

மக்களை வலிந்து அகற்றினால் திருச்சபையின் பெயரால் வன்முறை நிகழும் என்று அஞ்சிய பிரேசர் 27ஆம் நாள் பதவி துறந்தார். நான்கு நாள் கழித்துப் பேராலயத் தலைவர் கிரேம் நோல்ஸும் விலகினார். பேராலயத்தின் ஆய்வு நிறுவனம் நிதித்துறைப் பணியாளர் சுமார் 500 பேரிடம் கருத்துக் கேட்டுத் தயாரித்த அறிக்கை, இக்குழப்பத்தில் தள்ளிவைக்கப்பட்டு நவம்பரில் வெளிவந்தது. பங்குத் தரகர்கள் மிகுதியாகவும் ஆசிரியர்கள் குறைவாகவும் ஊதியம் பெறுகின்றனர் என்று அப்பணியாளர்களில் பெரும்பான்மையோரே சொல்லியிருந்தனர்! வெளியே கூடாரத்தில் கேட்ட குரல் உள்ளே மேசையிலும் ஒலித்திருக்கிறது.

பயன் என்ன என்று கேட்பீர்கள். மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. வங்கிகளைச் சீர்திருத்தப் பிரிட்டனில் 2013இல் இயற்றப்பட்ட சட்டம், முகாமுக்கு முன்பே அறிக்கை அளித்துவிட்ட ஒரு குழுவின் பரிந்துரையில் பிறந்தது. முகாமோ நீதிமன்ற ஆணைப்படி 2012 பிப்ரவரி 28 நள்ளிரவுக்குப் பின் அகற்றப்பட்டது; படிக்கட்டில் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தவர்களும் தப்பவில்லை. நான்கு மாதம் கழித்து, வட்டி விகிதத்தை நிர்ணயிப்பதில் முறைகேடு செய்ததற்காக பார்க்ளேஸ் வங்கிக்கு 29 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

2008இன் நெருக்கடியில் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைக் காப்பாற்றப் பிரிட்டன் அரசு சுமார் 4,500 கோடி பவுண்டு கொட்டியது. தன் கடைசிப் பங்குகளை அது 2025 மே மாதத்தில் விற்று முடித்தபோது ஏறத்தாழ 1,000 கோடி பவுண்டு திரும்பவில்லை. அந்தத் துண்டு வரி செலுத்துவோரின் தலையில் விழுந்தது. அவர்களுள் கூடாரத்தில் இருந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தவர்களும் உண்டு.