வண்டியைத் தூக்கினால் லாரி நின்றுவிடுமா?

சென்ற மழைக்காலத்தில் நம் ஊர் ஸ்டேஷன் ரோடு திருப்பத்தில், அதிகாலை ஷிப்டுக்கு நடந்து போன நம் தொழிலாளி ஒருவரை மணல் லாரி அடித்துவிட்டுப் போயிற்று. நம்பரை யாரும் பார்க்கவில்லை. தெருவிளக்கு எரிந்தால்தானே பார்ப்பதற்கு! கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மூன்றாம் நாள் நகரசபை விழித்துக்கொண்டது. விளக்குப் போட அல்ல. "சாலைப் பாதுகாப்பு" என்று சொல்லி, நம் பெண்களின் இட்லி வண்டிகள் 11-ஐ டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாவுப் பானைகளைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். அடிபட்டுக் கிடப்பவரின் மனைவியுடைய வண்டியும் அதில் ஒன்று. ரசீது கேட்டவரிடம், "உங்கள் ஊருக்குப் போய் வண்டி போடு" என்று பதில் வந்ததாம். அந்த அம்மாள் பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில்!

சாலைப் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல நமக்குப் பைத்தியமா? ரோட்டில் நடப்பவர்கள் நாம்தான். ஆனால் நடைபாதை எங்கே? ஒரு பக்கம் இரும்புக் கடைக்காரரின் கம்பிக் கட்டு, மறு பக்கம் கல்யாண மண்டபத்துக் கார்கள். டிராக்டர் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் வண்டிகளிடம் வந்தது. இதற்கு என்ன பெயர் என்று கமிஷனரே சொல்லட்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று தர வேண்டும். அதுவரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். பொருளை எடுத்தால் பட்டியல் தர வேண்டும். உரியவர் கேட்டுக் கட்டணம் செலுத்தினால், அழுகும் பொருளை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 100-க்கு 40 பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். நம் ஊரில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. வண்டிகளோ இன்றும் நகரசபை ஷெட்டில் துருப்பிடிக்கின்றன.

ரயில்வேயில் பேனா பிடிக்கிற நாம் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் ரயில்வே நிலத்தில் செல்லாது. எல்லைக் கல்லுக்கு உள்ளே நிற்கும் மூன்று வண்டிகளுக்கு இது துணைக்கு வராது. அந்தச் சகோதரிகள் கல்லைத் தாண்டி வெளியே வருவதே நல்லது.

அதைவிடக் கசப்பான ஒன்று. திருப்பத்தின் முனையில் நின்ற நான்கு வண்டிகள் லாரிக்காரன் கண்ணை மறைத்தது உண்மை. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "சங்கமே நகரசபைக்கு வக்காலத்தா?" என்று சிலர் சீறினார்கள். சீறட்டும். அந்த நான்கும் தபாலாபீஸ் மதில் ஓரம் போக வேண்டும். அதை நாமே முடிவு செய்து நாமே நகர்த்தினால், டிராக்டருக்கு அங்கே வேலை இல்லை. ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் ஹெல்மெட் இல்லாமல் பறக்கும் நம் இளைஞர்களுக்கும் இதே பேச்சுத்தான்.

கால் முறிந்தவருக்கு வருவோம். அடித்த வண்டி தெரியாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று நம் குடும்பங்கள் நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகின்றன. அது தவறு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசுத் திட்டப்படி, தெரியாத வாகனம் மோதிப் பலத்த காயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் உண்டு. கோவை எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் தொடுத்த வழக்கில் 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், ஒரு மாதத்தில் வாகனம் கண்டுபிடிக்கப்படாவிட்டால் இந்தத் திட்டத்தைப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீசே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் தொழிலாளி வீட்டுக்கு இன்றுவரை ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை.

ரோட்டைக் கெடுத்து வைத்திருப்பவர்களுக்கும் சட்டம் உண்டு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சாலையின் அமைப்பிலோ பராமரிப்பிலோ விதி தவறி அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் 1 லட்சம் வரை அபராதம். ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய் ரசீது கிழிக்கிறவர்கள் இந்தப் பிரிவைப் படித்ததாகத் தெரியவில்லை.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறோம். வண்டி இழந்த 11 பேரும் வர வேண்டும். விபத்தில் அடிபட்டவர் வேறு யார் வீட்டில் இருந்தாலும், போலீஸ் முதல் தகவல் அறிக்கை நகலையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்து வாருங்கள். இழப்பீட்டு விண்ணப்பத்தை அங்கேயே எழுதித் தருகிறோம். கட்டணம் கிடையாது. திருப்பத்து நான்கு வண்டிக்காரர்கள் மட்டும் ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள். முதலில் தபாலாபீஸ் மதில் ஓரம் போய் இடத்தை அளந்துவிடலாம்.