7 ஆண்டுகள் வராத ஆல்பம்... 6 விருதுகள் வென்ற ரே!

ஹிட் பாடல்கள் இருக்கின்றன. பெரிய இசை நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால், சொந்தப் பெயரில் ஒரு முழு ஆல்பம்கூட இல்லை. பிரிட்டிஷ் பாடகி ரேவின் நிலைமை 2021 வரை இதுதான்.

1997-ல் லண்டனில் பிறந்தவர் ரே. இயற்பெயர் ரேச்சல் அகதா கீன். அப்பா இங்கிலாந்துக்காரர், அம்மா கானா-சுவிட்சர்லாந்து வம்சாவளி. அடேல், ஏமி வைன்ஹவுஸ் போன்றவர்கள் படித்த 'பிரிட் ஸ்கூல்' கலைப் பள்ளியில் சேர்ந்தவர், படிப்பை முடிக்காமலே வெளியே வந்துவிட்டார். பதின்ம வயதிலேயே பாலிடோர் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது.

அதன் பிறகு வேலைக்குக் குறைவில்லை. 2016-ல் ஜாக்ஸ் ஜோன்ஸுடன் பாடிய 'யூ டோன்ட் நோ மீ' பிரிட்டன் தரவரிசையில் 3-ம் இடம் பிடித்தது. பியான்ஸே 2019-ல் பாடிய 'பிக்கர்' பாடலை எழுதியவர்களில் ரேவும் ஒருவர். டிஜேக்களின் நடனப் பாடல்களில் அவர் குரல் ஒலித்துக்கொண்டே இருந்தது. குரல் எல்லோருக்கும் தெரியும். முகம்தான் பலருக்குத் தெரியாது!

வெடித்த ட்வீட்

2021 ஜூனில் பொறுமை இழந்தார் ரே. '2014-லிருந்து நான்கு ஆல்பங்களுக்கான ஒப்பந்தத்தில் இருக்கிறேன். ஒன்றைக்கூட வெளியிட விடவில்லை' என்ற பொருளில் ட்விட்டரில் கொட்டித் தீர்த்தார். அடுத்த சில வாரங்களில் பாலிடோரை விட்டு வெளியேறினார்.

பெரிய நிறுவனத்தின் பணமும் விளம்பர பலமும் இனி இல்லை. ஆனால், எதைப் பாடுவது, எப்போது வெளியிடுவது என்பதெல்லாம் இனி அவர் முடிவு. 2022 அக்டோபரில் 070 ஷேக்குடன் சேர்ந்து 'எஸ்கேப்பிஸம்' பாடலை வெளியிட்டார். டிக்டாக்கில் பற்றிக்கொண்ட அந்தப் பாடல், 2023 ஜனவரியில் பிரிட்டனின் நம்பர் 1 ஆனது. ரேவின் முதல் நம்பர் 1 அதுதான்.

அடுத்த மாதமே வந்தது 'மை 21ஸ்ட் செஞ்சுரி ப்ளூஸ்'. காத்திருந்த முதல் ஆல்பம்! சோல், ஜாஸ், ஹிப்-ஹாப், நடன இசை எல்லாம் கலந்த இதில் போதைப் பழக்கம், உடல் தோற்றம் குறித்த தாழ்வுணர்வு எனக் கனமான விஷயங்களைப் பாடியிருந்தார். 'ஐஸ்க்ரீம் மேன்' பாடலில், தனக்கு நடந்த பாலியல் அத்துமீறலை மறைக்காமல் சொன்னார்.

2024 மார்ச்சில் நடந்த பிரிட் விருது விழாவில் சிறந்த ஆல்பம், சிறந்த பாடல், சிறந்த கலைஞர் உட்பட 6 விருதுகள் ரேவுக்கு. அதுவரை ஒரே ஆண்டில் யாரும் 4-க்கு மேல் வென்றதில்லை. பாட்டியை மேடைக்கு அழைத்து வந்து கண்ணீரோடு நின்றார் ரே. ஆறில் ஒன்று, 'சிறந்த புதிய கலைஞர்' விருது. பத்து வருடமாகப் பாடிக்கொண்டிருப்பவருக்கு!

இன்னொன்று, 'சிறந்த பாடலாசிரியர்' விருது. மற்றவர்களுக்காகப் பாட்டு எழுதும் வலியை அறிந்தவர் என்பதால், ரெக்கார்டிங் வருமானத்தில் பாடலாசிரியர்களுக்கும் பங்கு வேண்டும் என்று குரல் கொடுத்து வருகிறார்.

எதிலிருந்து தொடங்கலாம்?

ரேவைப் புதிதாகக் கேட்பவர்கள், 2023 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஹெரிடேஜ் ஆர்கெஸ்ட்ராவுடன் அவர் பாடிய நேரடிப் பதிவிலிருந்து தொடங்கலாம். அதே ஆல்பத்தின் பாடல்கள்தான். ஆனால், வயலின்களும் கோரஸும் சூழ, அந்தக் குரல் எவ்வளவு பெரியது என்பது அங்கேதான் முழுதாகத் தெரியும். ஏழு வருடம் பூட்டிவைக்கக்கூடிய குரலா அது?